இன்னும் ஒரு பாஸ்

2024 மார்ச் 19, இரவு. கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டம் ஒஹாயோ மாநிலத்து டேட்டனில். நான் ரிச்மண்டில், எங்கள் வீட்டு சோஃபாவில். சமையலறையை ஒதுங்க வைத்துவிட்டு வந்த மனைவி டிவியில் ஸ்கோரைப் பார்த்தாள். கொலராடோ ஸ்டேட் 27, எங்கள் வர்ஜீனியா 14.

"இப்பத்தான் ஆரம்பிச்சதா?"

"இல்ல, இடைவேளை."

"இருபது நிமிஷத்துக்குப் பதினாலா?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. "காலையில ஆபீஸ் இருக்குல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடி ஏறிவிட்டாள்.

நான் கடைசி வரை பார்த்தேன். 67-42. கல்லூரி அணிகளின் தேசியத் தொடரான என்சிஏஏவின் வாசற்படியான 'ஃபர்ஸ்ட் ஃபோர்' சுற்று அது. வாசற்படியிலேயே தடுக்கி விழுந்தோம்.

தோல்வி எனக்குப் புதிதில்லை. பந்து வளையத்தில் பட்டுத் தெறித்துக்கொண்டே இருந்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் ஒவ்வொரு முறையும் அதே மூன்று பேர் அதே இரண்டு பேரைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். ஷாட் கிளாக், அதாவது பந்தை எறிந்தாக வேண்டிய கெடு, ஆறு, ஐந்து நொடி என்று இறங்கியதும் யாரோ ஒரு பையன் கையில் பந்து மாட்டிக்கொள்ளும். அவன் வேறு வழியில்லாமல் எறிவான். இதைப் பத்து வருடமாகப் பார்த்துவிட்டேன். இது சரிசெய்யக்கூடிய வியாதிதான் என்பதும் எனக்குத் தெரியும். ஏனென்றால் ஒருமுறை சரிசெய்தார்கள். அதையும் நான் பார்த்தேன்.

மெதுவாக ஆடுகிறார்கள் என்பது என் புகார் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மெதுவான ஆட்டத்துக்கு மயங்கித்தான் நான் இந்த அணியின் ரசிகனே ஆனேன்.

*

மேற்படிப்புக்காக 2013 ஆகஸ்டில், வர்ஜீனியா பல்கலைக்கழகம் இருக்கும் சார்லட்ஸ்வில்லுக்கு வந்தேன். கூடைப்பந்து பள்ளியில் கொஞ்சம் ஆடியதுதான். சிமெண்ட் தரை, வலை கிழிந்த வளையம், "ஒருத்தனே வச்சுக்காதடா, பாஸ் பண்ணு" என்று விசிலைக் கடித்துக்கொண்டு கத்தும் பி.டி. மாஸ்டர். அவ்வளவுதான் என் பயிற்சி. ஆய்வகத்தில் கூட இருந்த ஒருவன் ஒரு டிக்கெட் மிச்சம் இருக்கிறது என்று ஜான் பால் ஜோன்ஸ் அரங்கத்துக்கு இழுத்துப் போனான்.

பதினான்காயிரம் பேர் உட்காரும் இடம் அது. நான் முதலில் கவனித்தது, நம் அணி பந்தைக் கூடையில் போடும்போது எழும் சத்தத்தைவிட, எதிரணி போட முடியாமல் திணறும்போது எழும் சத்தம் பெரிதாக இருந்ததைத்தான். எதிரணியின் ஷாட் கிளாக் பத்துக்குக் கீழே இறங்கியதும் ஒவ்வொருவராக எழுந்து நிற்பார்கள். ஐந்து ஆனதும் மொத்த அரங்கமும் நிற்கும். நேரம் தீர்ந்து பஸ்ஸர் அடித்துவிட்டால் போதும், ஏதோ சிக்ஸர் அடித்த மாதிரி ஒரு ஆரவாரம். எதிராளி ஒன்றும் செய்ய முடியாமல் போவதைக் கொண்டாடும் கூட்டத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பழைய டெஸ்ட் ஆட்டத்தில் மெய்டன் ஓவருக்குக் கைதட்டும் ஆட்களைக் கூட்டி வைத்த மாதிரி இருந்தது. எனக்குப் பிடித்துவிட்டது.

அந்தத் தடுப்பாட்டத்துக்குப் பெயர் 'பேக் லைன்'. வளையத்திலிருந்து சுமார் 16 அடியில் ஒரு கற்பனைக் கோடு. பந்து வைத்திருப்பவனை ஒருவன் மட்டும் நெருக்குவான். மற்ற நான்கு பேரும் அந்தக் கோட்டுக்குள் கதவை அடைத்துக்கொண்டு நிற்பார்கள். உள்ளே நுழைய இடமே இருக்காது. இதை உருவாக்கியவர் டிக் பென்னெட், விஸ்கான்சின் மாநிலத்துக்காரர். பெரிய உயரமும் பெரிய வேகமும் இல்லாத பையன்களை வைத்துக்கொண்டு பெரிய கல்லூரிகளை மறித்த கோச். 2009இல் வர்ஜீனியாவுக்கு வந்த டோனி பென்னெட் அவருடைய மகன்.

நான் வந்த முதல் சீசனிலேயே எங்கள் வட்டார லீக்கான ஏசிசியின் தொடரை வென்றார்கள். 1976க்குப் பிறகு முதல்முறை. இறுதி ஆட்டத்தில் டியூக்கை 72-63 என்று மடக்கினோம். 2014 மார்ச் 16. அந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

*

தடுப்பாட்டத்தோடு அப்பாவிடமிருந்து மகனுக்கு இன்னொன்றும் வந்தது. அது தாக்குதலாட்டம். ஆங்கிலத்தில் 'மூவர்-பிளாக்கர்' என்பார்கள். தமிழில் எழுதும்போது அதில் ஒரு தற்செயலான சௌகரியம் இருக்கிறது. ஓடுகிறவர்களும் மூவர்தான். மீதி இரண்டு பேர் பிளாக்கர்கள், அதாவது தூண்கள். வளையத்துக்கு முன்னால் ஆளுக்கொரு பக்கம் நின்று தடுப்பு போடுவது அவர்கள் வேலை. மூவர் அந்தத் தூண்களைச் சுற்றி ஓடி, துரத்தி வருகிறவனைத் தூணில் முட்டவிட்டு, ஒரு நொடி தனியாகக் கிடைக்கிற இடத்தில் பந்தை வாங்கி எறிய வேண்டும். பக்கத்துக்கு ஒருவராக நிற்பதால் வர்ஜீனியாவில் இதை 'சைட்ஸ்' என்று கூப்பிடுவார்கள்.

கேட்க அழகாகத்தான் இருக்கிறது. கோயில் தூண்களைச் சுற்றிக் குழந்தைகள் ஓடிப்பிடித்து விளையாடுகிற மாதிரி. ஆனால் அந்த ஒரு நொடி கிடைக்கும்போது எறிகிறவன் கை சுத்தமான கையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இத்தனை ஓட்டமும் வீண்.

இங்கேதான் எனக்கு ஒரு தியரி உண்டு. டோனி பென்னெட் கல்லூரியில் யாருக்காக ஆடினார்? க்ரீன் பேயில், தன் அப்பாவுக்காக. கல்லூரி நாட்களில் அவர் தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்த மூன்று புள்ளிப் பந்துகளில் உள்ளே போனவை 49.7 சதவீதம். என்சிஏஏ வரலாற்றிலேயே முதலிடம். இரண்டு எறிந்தால் ஒன்று உள்ளே. அப்படி ஒரு கையை வைத்துக்கொண்டு ஆடியவருக்கு, தூணைச் சுற்றி ஓடிவந்தால் ஒரு நொடி கிடைக்கும், அந்த ஒரு நொடி போதும் என்பது அனுபவ உண்மை. யாருக்குப் போதும் என்பதுதான் கேள்வி. அவர் மாதிரி எறிகிறவனுக்குப் போதும். எங்களிடம் ஆடிய ஜோ ஹாரிஸுக்குப் போதும், கைல் கைக்குப் போதும். மற்றப் பையன்களுக்கு?

மற்றப் பையன்கள் கையில் அந்தப் பந்து வரும்போது ஷாட் கிளாக்கில் ஐந்து நொடி இருக்கும். இந்த ஒரு வரிதான் என் பத்து வருடப் புலம்பல்.

*

கணக்கு ஒன்று சொல்லியாக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். சராசரி கல்லூரி அணிக்கு ஒரு ஆட்டத்தில் பந்து 67, 68 முறை கைக்கு வரும். வர்ஜீனியா ஆட்டத்தில் 60ஐ ஒட்டி. நாட்டில் 350 சொச்சம் அணிகளில் வேகத்தில் கடைசி இடம் எங்களுக்கு வருவதும், அதை வைத்து மற்ற ஊர்க்காரர்கள் கிண்டல் செய்வதும் பென்னெட் காலத்து வருடாந்தரச் சடங்கு. 34 ஓட்டம், 39 ஓட்டம் என்றெல்லாம் கிரிக்கெட்டில் ஆல் அவுட் ஆகிற மாதிரி ஸ்கோர்கள் வரும். 2017இல் ஃப்ளோரிடாவிடம் 65-39 என்று தோற்று வெளியேறினோம். 39! ஒரு நல்ல வீரன் தனியாகவே அந்த அளவு போடுகிற நாட்கள் உண்டு.

ஆட்டம் சுருங்கினால் யாருக்கு லாபம்? ஐந்து நாள் டெஸ்டில் பலவீனமான அணி பலமான அணியை ஜெயிப்பது கஷ்டம். இருபது ஓவரில் ஜெயித்துவிடலாம். பத்து ஓவராக மழை குறைத்துவிட்டால் யார் வேண்டுமானாலும் யாரையும் ஜெயிக்கலாம். டிக் பென்னெட் சின்னக் கல்லூரிகளில் இருந்தபோது ஆட்டத்தைச் சுருக்கியதற்கு அர்த்தம் இருந்தது. மழை அவருக்குச் சாதகம். மகனோ நாட்டின் முதல் தர அணியை வைத்துக்கொண்டு தானே மழையை வரவழைத்துக்கொண்டிருந்தார்.

அந்த மழை கொட்டியது 2018இல். தேதி மார்ச் 16. சார்லட் நகரம். ஒட்டுமொத்தத் தொடருக்கே முதல் தரவரிசை எங்களுக்கு. அதுவரை 31 வெற்றி, 2 தோல்வி. எதிரில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி கிளையான யூஎம்பிசி, 16ஆம் தரவரிசை. ஆண்கள் தொடர் 64 அணிகளாக விரிந்த நாளிலிருந்து முதல் தர அணிகள் 16ஆம் தர அணிகளோடு 135 முறை மோதி, 135 முறையும் வென்றிருந்தன. எங்கள் வீரன் டிஆண்ட்ரே ஹண்டர் மணிக்கட்டு உடைந்து ஆடவில்லை, சரி. இருந்தாலும் யாராவது கவலைப்பட்டோமா? நான் அன்று இரவு இட்லிக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தேன், டிவியை ஓரக்கண்ணால் பார்த்தபடி.

இடைவேளையில் 21-21. கிரைண்டரை நிறுத்தினேன்.

74-54. இரண்டாம் பாதியில் மட்டும் அவர்கள் 53 புள்ளி போட்டார்கள். ஜைரஸ் லைல்ஸ் என்ற பையன் 28 எடுத்தான். இருபது புள்ளி வித்தியாசத்தை மழையின் தலையில் கட்டிவிட முடியாது, அது எனக்கும் தெரியும். அன்று கண்ணில் பட்டது வேறு. பத்துப் புள்ளி பின்தங்கியதும் எங்கள் அணிக்கு விரட்டத் தெரியவில்லை. வேகமாக ஆடிப் பழக்கமே இல்லாதவர்கள் வேகமாக ஆட முயன்றால் எப்படி இருக்கும்? தினமும் மாட்டுவண்டி ஓட்டுகிறவனை நெடுஞ்சாலையில் லாரியில் ஏற்றி உட்கார வைத்த மாதிரி. பக்கத்து வீட்டுப் பெரியவர் அன்று இரவு தொலைபேசியில் அழைத்தார். எழுபதைத் தாண்டியவர், இதே பல்கலைக்கழகத்தில் படித்தவர். "நான் சாமினேட் பார்த்தவன்" என்றார், ஆறுதல் சொல்கிற குரலில். 1982 டிசம்பரில் ரால்ஃப் சாம்ப்சன் என்ற ஏழடி நான்கு அங்குல மனிதரை வைத்துக்கொண்டு, ஹவாயில் ஒரு பொடிக் கல்லூரியிடம் வர்ஜீனியா 77-72 என்று தோற்ற கதை அது. இந்த ஊர்க்காரர்களுக்கு இது பரம்பரைச் சொத்து என்று அன்றுதான் புரிந்தது.

*

அடுத்த வருடம் நடந்ததைத்தான் "ஒருமுறை சரிசெய்தார்கள்" என்றேன்.

பென்னெட் அப்பாவின் தாக்குதலாட்டத்தைத் தூக்கி எறியவில்லை. ஆனால் பந்து வைத்திருப்பவனுக்கே நேரடியாகத் தடுப்பு போட்டு, அவனை உள்ளே நுழையவிட்டு, அவன் முடிவெடுக்கட்டும் என்று விடுகிற ஆட்டத்தை நிறையச் சேர்த்தார். அதற்கு டை ஜெரோம் என்ற மூளைக்காரன் இருந்தான். வெளியே கைல் கை நின்றால் அவனைத் தனியாக விட எவனுக்கும் தைரியம் வராது. ஹண்டர் எங்கிருந்தும் போடுவான். மூன்று பேருமே அந்த வருடம் தொழில்முறை லீக்கான என்பிஏவுக்குத் தேர்வானார்கள், ஹண்டர் நான்காவது ஆளாக. வேகத்தில் அந்த சீசனிலும் நாங்கள் கடைசிதான். ஆனால் ஒரு வாய்ப்புக்கு எத்தனை புள்ளி என்று புள்ளிவிவரக்காரர் கென் பாமராய் போடும் கணக்கில் எங்கள் தாக்குதலாட்டம் நாட்டிலேயே இரண்டாவது இடம். மெதுவாகவும் ஆடலாம், நன்றாகவும் ஆடலாம் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

பட்டம் வென்ற கதையை எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் ஒரே ஒரு பாஸைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

2019 மார்ச் 30, லூயிவில். எதிரணியான பர்டியூ மூன்று புள்ளி முன்னிலை, 70-67. கடைசி நொடிகள். மூன்று புள்ளி எறிய விடக்கூடாது என்று பர்டியூ வேண்டுமென்றே ஜெரோமை ஃபவுல் செய்தது. பாடப்புத்தக முடிவு: ஃப்ரீ த்ரோவில், அதாவது தடுக்க ஆளில்லாமல் எறிகிற எறியில், ஒன்றுக்கு ஒரு புள்ளிதான். ஜெரோம் முதல் ஃப்ரீ த்ரோவைப் போட்டான், இரண்டாவது தவறியது. எங்கள் மமாடி டியாகிட்டே எம்பித் தட்டிய பந்து நடுக்கோட்டையும் தாண்டி எங்கள் பக்கத்துக்கு உருண்டு ஓடியது. அதைத் துரத்திப் பிடித்தவன் கிஹே க்ளார்க். முதலாண்டு மாணவன், ஆறடிகூட இல்லாத பொடியன். நேரம் போய்க்கொண்டிருக்கிறது, கூட ஆடுகிறவன் ஒருவன் கையை ஆட்டிக்கொண்டு பந்தைக் கேட்கிறான். க்ளார்க் அவனைப் பார்க்காமல், அரைத் திடலைத் தாண்டி டியாகிட்டேவுக்கு ஒரே வீச்சாக வீசினான். டியாகிட்டே எறிந்தான், பஸ்ஸர், உள்ளே. ஓவர்டைமில் 80-75. அடுத்த சனிக்கிழமை ஆபர்னை ஒரு புள்ளியில் தாண்டினோம். 0.6 நொடி மிச்சம் இருக்கும்போது கைல் கை மூன்று ஃப்ரீ த்ரோவையும் போட்டான். அதற்கடுத்த திங்கட்கிழமை மினியாபொலிஸில் டெக்சஸ் டெக்கை 85-77 என்று வென்று கோப்பை. 85! ஓவர்டைம் ஆடியதுதான், இருந்தாலும் எங்கள் அணியா இது என்று இருந்தது.

நாங்கள் வென்றதில் அதிர்ஷ்டம் இல்லை என்று சொன்னால் வாய் அழுகிவிடும். நிறையவே இருந்தது. ஆனால் அதிர்ஷ்டம் வந்து கதவைத் தட்டும்போது திறக்க வீட்டில் ஆள் இருக்க வேண்டுமே, அந்த வருடம் இருந்தார்கள்.

*

அதற்குப் பிறகு மெல்ல மெல்லப் பழைய வீட்டுக்கே திரும்பினோம்.

ஜெரோம், கைல் கை, ஹண்டர் மூவரும் போய்விட்டார்கள். அதே 2019-20 சீசனில் மூன்று புள்ளிக் கோட்டையும் பின்னுக்குத் தள்ளி, 20 அடி 9 அங்குலத்திலிருந்து சர்வதேச அளவான 22 அடி ஒன்றேமுக்கால் அங்குலத்துக்குக் கொண்டுபோனார்கள். எறியத் தெரிந்தவர்கள் போனதும் எறிய வேண்டிய தூரம் கூடியதும் ஒரே நேரத்தில். புது சீசனின் முதல் ஆட்டத்தில் சிரக்யூஸை 48-34 என்று ஜெயித்தோம். வாழ்த்து சொல்ல அழைத்த நண்பன், "ரெண்டு டீமும் சேர்ந்தே நூறு வரலையேடா" என்றான். அந்த வசந்தத்தில் கொரோனா வந்து தொடரே ரத்தானது. அதனால் இரண்டு வருடம் நாங்களே சாம்பியன் என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். 2021இல் ஒஹாயோ பல்கலைக்கழகத்திடம் முதல் ஆட்டத்திலேயே 62-58 என்று தோல்வி.

அப்புறம் 2023. மறுபடியும் மார்ச் 16. யூஎம்பிசி நாளிலிருந்து அச்சாக ஐந்து வருடம். ஒருமுறை தூக்கி வைத்த தேதி, இரண்டு முறை போட்டு உடைத்தது. பங்குனி பிறந்து ஒன்றிரண்டு நாளில் வருகிற தேதி. அம்மாவிடம் போனில் சொன்னபோது, "அன்னிக்கு என்ன நட்சத்திரம்னு பார்க்கணும்" என்றார், விளையாட்டாகத்தான் என்று நினைக்கிறேன்.

ஆர்லாண்டோவில் ஃபர்மனோடு ஆட்டம். இரண்டு புள்ளி முன்னிலை, கடைசி நொடிகள், பந்து எங்களிடம். அதை வைத்திருப்பவன் யார்? அதே கிஹே க்ளார்க், இப்போது ஐந்தாம் ஆண்டு. மூலையில் இரண்டு பேர் வளைத்துக்கொண்டார்கள். டைம் அவுட் கேட்டிருக்கலாம். பந்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஃபவுல் செய்யவிட்டிருக்கலாம். அவன் பந்தைக் காற்றில் தூக்கி வீசினான். ஃபர்மன்காரன் ஒருவன் பிடித்தான், இன்னொருவனுக்குக் கொடுத்தான், அவன் மூன்று புள்ளி எறிந்தான், உள்ளே. 68-67.

நான்கு வருடத்துக்கு முன்பு கோப்பையைக் கொண்டுவந்த அதே கை, அதே மாதிரி ஒரு நீள வீச்சு. இந்தப் பையனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. இன்றுவரை திட்டியதில்லை. ஆட்டமே ஐம்பது, அறுபது புள்ளிக்குள் முடியும்படி ஆடினால் ஒவ்வொரு வருடமும் கடைசி நொடியில் ஒரு பையன் தலையில் எல்லாம் வந்து விழும். ஒரு வருடம் அவன் சாமி, ஒரு வருடம் அவன் குற்றவாளி. பையனை அந்த மூலையில் கொண்டுபோய் நிறுத்தியது அதற்கு முந்தைய 39 நிமிடங்கள்.

*

கடைசியாக 2023-24. மேலே சொன்ன அந்தப் பதினாலு புள்ளி இரவில் முடிந்த சீசன்.

அணியில் வெளியிலிருந்து நம்பி எறியக்கூடியவர்கள் ஐசக் மெக்னீலியும் ஜேக் க்ரோவ்ஸும். பந்தைக் கொண்டு வருபவர் ரீஸ் பீக்மன், ஏசிசியின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை அடுத்தடுத்து இரண்டு வருடம் வாங்கியவர். ரயன் டன் பறந்து பறந்து எதிராளியின் பந்தைத் தட்டுவான். அவன் தடுப்பதைப் பார்க்கவே டிக்கெட் வாங்கலாம். ஆனால் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே ஐந்து எறிந்தால் ஒன்றுதான் உள்ளே போகும். அவனோடு உள்ளே நிற்கும் இன்னொரு பெரிய பையனும் வெளியிலிருந்து எறிய மாட்டான். அதாவது ஐந்து பேரில் இரண்டு பேரை எதிரணி கண்டுகொள்ளவே வேண்டாம். அந்த இருவரின் காவலர்களும் உள்ளே வந்து நின்றுகொண்டு மற்றவர்களின் வழியை அடைத்தார்கள். எங்கள் பேக் லைனை எங்களுக்கே ஓசியில் திருப்பிக் கொடுத்த மாதிரி. தூண்களைச் சுற்றி ஓடுகிறார்கள், ஓடுகிறார்கள், வெளியே வந்தால் அங்கேயும் ஒரு ஆள் காத்திருக்கிறான்.

தொடர்ந்து எட்டு ஆட்டம் வென்ற காலமும் அந்த சீசனில் உண்டு. பிப்ரவரி நடுவில் வேக் ஃபாரஸ்டை 49-47 என்று ஜெயித்தோம். பெரியவர் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "ஜெயிச்சதுக்கு அப்புறம் இவ்வளவு சோர்வா நான் இருந்ததே இல்ல" என்றார். இரண்டே நாளில் பிளாக்ஸ்பர்க் போய் வர்ஜீனியா டெக்கிடம் 75-41. அதே வாரக் கடைசியில் சொந்த அரங்கத்தில் நார்த் கரோலைனாவிடம் 54-44. எதிரணியை 54இல் நிறுத்திவிட்டுத் தோற்பதற்கு ஒரு தனித் திறமை வேண்டும்.

எனக்குப் புரியாதது இதுதான். தடுப்பாட்டக்காரன் டன்னையும் வைத்துக்கொள்ளுங்கள், பெரிய பையனையும் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இருவரையும் சேர்த்து இத்தனை நிமிடம் ஏன்? கோச்சுக்குத் தெரியாதது சோஃபாவில் உட்கார்ந்திருக்கிற எனக்குத் தெரியுமா என்று கேட்பீர்கள். தெரியாது. பயிற்சியில் யார் எப்படி ஆடினார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். எதிரணி போடுகிற ஒவ்வொரு புள்ளியும் அவருக்குச் சொந்தக் கடன் மாதிரி உறுத்துகிறது என்று நினைக்கிறேன். நாம் போடாமல் விட்ட புள்ளி அந்த அளவு உறுத்தவில்லை. இரண்டும் ஸ்கோர்போர்டில் ஒன்றுதானே!

டன் அந்த வருடமே என்பிஏவுக்குப் போனான், முதல் சுற்றில் 28ஆவது ஆளாக. பீனிக்ஸ் அணியில் முதல் சீசனிலேயே கூச்சம் இல்லாமல் மூன்று புள்ளி எறிந்துகொண்டிருந்தான். உள்ளே போனதும் உண்டு, போகாததும் உண்டு. எனக்கு அந்தக் கூச்சமின்மைதான் ஆச்சரியம். எங்களிடம் இருந்தபோது பந்தை வாங்கிய நொடியே அடுத்தவனைத் தேடுவான்.

என்னை அதிகம் தூங்கவிடாத ஆட்டம் டேட்டனில் நடந்தது இல்லை. அதற்கு நான்கு நாள் முன்பு, மார்ச் 15, வாஷிங்டனில் என்சி ஸ்டேட்டோடு நடந்த ஏசிசி அரையிறுதி. மூன்று புள்ளி முன்னிலை, 58-55. ஐந்து நொடி சொச்சம். மெக்னீலி ஃப்ரீ த்ரோ கோட்டில். அவன் தவறவிடுவான் என்று யாரும் நினைக்கவில்லை, தவறவிட்டான். முதலாவது போனால்தான் இரண்டாவது, அதனால் பந்து அவர்களுக்கு. இப்போது ஃபவுல் செய்தால் அவர்களால் மூன்று புள்ளி எறிய முடியாது. செய்யவில்லை. மைக்கேல் ஓகானல் ஓடிவந்து எறிந்தான், பந்து பலகையில் மோதி உள்ளே விழுந்தது. பலகையில் மோதி! ஓவர்டைமில் 73-65. ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் ஜெயித்தாக வேண்டும் என்று வந்த அந்த அணி, அந்தக் கோப்பையை வாங்கி, அதோடு நிற்காமல் என்சிஏஏ தொடரின் கடைசி நான்கு அணிகள் சுற்றான ஃபைனல் ஃபோர் வரைக்கும் போனது.

"ஏன் ஃபவுல் பண்ணலை?" என்று நான் சோஃபா மெத்தையைக் குத்திக்கொண்டிருந்தேன். அப்புறம் இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் படுத்திருக்கும்போது லூயிவில் நினைவுக்கு வந்தது. அங்கே பர்டியூ ஃபவுல் செய்தது. நான் இப்போது கேட்பதைத்தான் அவர்கள் கோச் செய்தார். அதனால்தான் ஜெரோம் கோட்டுக்குப் போனான், அதனால்தான் பந்து உருண்டது, அதனால்தான் க்ளார்க் துரத்தினான். பர்டியூ ஊரில் எவனோ ஒருவன் அன்று இரவு இதே மாதிரி மெத்தையைக் குத்தி, "ஏன் ஃபவுல் பண்ணினாங்க?" என்று கேட்டிருப்பான்.

*

2024 அக்டோபர் 18 அன்று டோனி பென்னெட் விலகினார். சீசன் தொடங்க மூன்று வாரம்கூட இல்லை. வீரர்கள் வருடத்துக்கு ஒரு கல்லூரி மாறுவதும் பணப் பேச்சும் நிறைந்த இந்தப் புதிய சூழலுக்குத் தான் பொருத்தமான ஆள் இல்லை என்று கண் கலங்கிச் சொன்னார். வயது 55. இங்கே மட்டும் 364 வெற்றி. கோப்பை வென்ற வருடம் சம்பள உயர்வு கொடுத்தபோது வேண்டாம் என்று சொன்னவர். அந்தப் பத்திரிகையாளர் கூட்டத்தை நான் அலுவலகத்தில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பார்த்தேன். பத்து வருடம் திட்டியவன் நான்தான், கர்ச்சீப் தேடியவனும் நான்தான். அவர் மாற வேண்டும் என்றுதான் கேட்டேனே தவிர, போக வேண்டும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவருக்கு அது இரண்டும் ஒன்றாகவே இருந்திருக்கலாம்.

அந்த வருடம் உதவி கோச் ரான் சான்செஸ் பொறுப்பேற்று 15 வெற்றி, 17 தோல்வி என்று முடித்தார். 2025 மார்ச்சில் புது கோச் வந்தார். பெயர் ரயன் ஓடம். அப்பா டேவ் ஓடம் 1980களில் இங்கே உதவி கோச்சாக இருந்தவர், அதனால் மகனுக்கு இது பழகிய ஊர். ஆனால் நாங்கள் அவரை வேறு இடத்தில் பார்த்திருக்கிறோம். 2018 மார்ச் 16 அன்று, சார்லட்டில், யூஎம்பிசி பெஞ்சில், கோச்சாக நின்றுகொண்டிருந்தார்.

செய்தி வந்த அன்று பெரியவருக்கு அழைத்தேன். ரொம்ப நேரம் சிரித்தார். "சாமினேட் கோச்சையும் அன்னிக்கே கூட்டிட்டு வந்திருக்கணும்" என்றார்.

புது ஆட்டத்தை அவர் வீட்டில்தான் முதலில் பார்த்தேன். மனைவி கொடுத்தனுப்பிய மசால்வடையை அவர் கெச்சப்பில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், நான் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க முயன்றேன். பையன்கள் பந்தை எடுத்ததும் ஓடினார்கள். இரண்டாவது பாஸிலேயே ஒருவன் கோட்டுக்கு நன்றாக வெளியே நின்று வாங்கினான். எதிரில் ஆள் இல்லை. ஷாட் கிளாக்கில் இன்னும் இருபத்திரண்டு நொடி. அவன் முழங்காலை மடக்குவதைப் பார்த்ததும் என்னை அறியாமல் கத்திவிட்டேன், தமிழிலேயே:

"டேய், அவசரப்படாதே! இன்னும் ஒரு பாஸ்!"

பந்து வலையை மட்டும் தொட்டு உள்ளே போனது. பெரியவர் வடையைத் தட்டில் வைத்துவிட்டு, நான் என்ன சொன்னேன் என்று கேட்டார். சும்மா, நல்ல ஷாட் என்று சொன்னேன் என்றேன்.